சந்தனப் பொட்டு

உடுப்பிட்டிச் சந்திக் கடையின் கண்ணாடி மேசையில் கேதீஸ்வரி அந்த மஞ்சள் மின்சிகரெட்டை வைக்கிறாள். பார்வைக்கு ஹைலைற்றர் பேனை போலவே இருக்கிறது. அப்படி நினைத்துத்தான் நேற்றுச் சரஸ்வதி பூசையில், பதினாலு வயது மகளின் புத்தகங்களோடு அதையும் படத்தின் முன் அடுக்கித் தன் கையாலேயே சந்தனம் வைத்தாள். இன்று காலை மகள் அதை வாயில் வைத்துப் புகைவிடுவதைக் கண்டாள். சந்தனம் இன்னும் உதிரவில்லை. “பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு உந்தச் சாமானை விக்கிறியோ, தம்பி?”

கடைக்கார அருட்செல்வன் தலைக்கு மேல் தொங்கும் அறிவிப்பைக் காட்டுகிறான். இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலை விற்பதில்லை. “உதிலை புகையிலை இல்லை அக்கா. மாம்பழ வாசம். பிள்ளையள் விரும்பிக் கேக்குதுகள்.” ஏதோ நல்லது செய்தவன் போலச் சொல்கிறான். வெயில் கண்ணாடிக்குள் சாய்ந்து விழுகிறது. அழிறப்பர்களுக்கும் ரொபி மிட்டாய்களுக்கும் நடுவே, பச்சை, சிவப்பு, ஊதா என்று அதே சாமான் நிறைந்த பெட்டி. பெட்டியின் முகப்பில், நேற்றுக் கடைப் பூசையில் அவன் வைத்த சந்தனப் பொட்டு. அதற்கு நேரே கண்ணாடியில் விரலை ஊன்றுகிறாள்.

“நான் தெரியாமல் வைச்சன்,” என்கிறாள். “நீ?”