மூன்றாம் மாடி ஏசி

"மறுபடியும் உங்க ஏசி தண்ணிதான், தோன் எவரிஸ்தோ. நாளைக்குக் கல்யாணம். பொண்ணோட கவுன் பூரா கறை" என்றாள் இரண்டாம் மாடி நெலிதா. தையற்காரி. தைத்ததை பால்கனியில்தான் தொங்கவிடுவாள்.

மூன்றாம் மாடி எவரிஸ்தோவை எல்லோரும் மரியாதையாகத் 'தோன்' என்றுதான் கூப்பிடுவார்கள். புவனோஸ் ஐரிஸின் ஜனவரிக் கோடைப் புழுக்கத்தில் குடியிருப்புக்காரர்கள் எல்லோரும் கீழ்க்கூடத்தில் கூடியிருந்தார்கள். கூட்டமே அவரை விசாரிக்கத்தான். அவர் வீட்டுப் பால்கனியில் இருக்கும் ஏசிப் பெட்டிக்கு அடியிலிருந்து தண்ணீர் சொட்டுவதை எல்லோரும் கண்ணால் பார்த்தாயிற்று.

நாலாம் மாடி எஞ்சினியர் பொன்ஃபாந்திதான் கமிட்டித் தலைவர். காற்றில் உள்ள ஈரம் எப்படித் தண்ணீராகிறது, அதைக் குழாய் வைத்து, சரிவு கொடுத்து எப்படி வடிக்க வேண்டும், சரிவு இல்லாவிட்டால் அது எப்படிக் கீழ்வீட்டுக்காரர் தலையில் இறங்கும் என்றெல்லாம் கையை ஆட்டி விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

எவரிஸ்தோ ஆட்டவில்லை. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். ரொம்ப விளக்குகிறவன்தான் டிக்கெட் எடுக்காமல் இறங்குவான் என்று பார்த்துப் பழகியவர்.

காலையில் மெக்கானிக் மூன்றாம் மாடிக்குப் போய், பெட்டியைத் திறந்து, குழாய் மாட்டட்டும் என்றார் பொன்ஃபாந்தி.

"என் வீட்டுக்குள்ள எவனும் காலெடுத்து வைக்கக் கூடாது."

"திறந்து காட்ட என்ன பயம்?"

"இன்னிக்கு மெக்கானிக் வருவான். நாளைக்கு நீங்க வந்து என் அடுப்புல என்ன வேகுதுன்னு பாப்பீங்க."

சிலர் சிரித்தார்கள். பொன்ஃபாந்தி சிரிக்கவில்லை. அப்படியானால் வெளியே ஏணி போட்டுப் பெட்டியையே இறக்கிவிடுவோம், கை தூக்குங்கள் என்றார். ஒவ்வொரு கையாக எழுந்தது. கடைசியில் நெலிதாவும் தலையைக் குனிந்துகொண்டு கை தூக்கினாள்.

எவரிஸ்தோவுக்கு விஷயம் மானம் போகிற இடத்துக்கு வந்துவிட்டது. எழுந்து நின்றார்.

"சரி, என் மெஷின்தான் சொட்டுது. ஒத்துக்கறேன். பெட்டி அங்கேயே இருக்கட்டும், யாரும் தொட வேணாம். இந்தக் கோடை முடியற வரைக்கும் அதைப் போடவே மாட்டேன். போதுமா?"

இந்த வெயிலில், இந்த வயதில், ஏசி இல்லாமலா? நெலிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வேணாம் தோன், உடம்புக்கு ஏதாவது ஆயிடும்."

"பஸ் இன்ஜின் பக்கத்துல வெந்த உடம்பும்மா இது."

யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். பொன்ஃபாந்தியும் வந்து கைகுலுக்கி, படிக்காத மனிதரானாலும் பெரிய மனசு என்று சர்டிஃபிகேட் கொடுத்தார்.

மறுநாள் காலை நெலிதா ஒரு தட்டு நிறைய கறி பொதிந்த சூடான எம்பனாதாவோடு மேலே வந்தாள். ராத்திரியிலிருந்து ஒரு சொட்டுகூட விழவில்லையாம். கவுனைத் துவைத்துக் காயவைத்துக் கொடுத்தும் விட்டாளாம். பேசிக்கொண்டிருக்கும்போதே பொன்ஃபாந்தி படியிறங்கி வந்தார். புது ரப்பர் குழாயில் வெட்டிய மிச்சத்துண்டு ஒன்றை முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்தார். முழுக்க மறையவில்லை.

"பாத்தீங்களா? நீங்க ஏசியை நிறுத்தினீங்க, ஒழுகறது நின்னுபோச்சு. நான் சொன்னது சரிதானே?"

எவரிஸ்தோ அந்தக் குழாய்த்துண்டைப் பார்த்தார். எஞ்சினியர் முகத்தைப் பார்த்தார்.

"ரொம்பச் சரி" என்று தட்டை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

உள்ளே போய் பனியனைக் கழற்றிப் பிழிந்துவிட்டு, பேப்பரை மடித்து விசிறிக்கொண்டார். உண்மையைச் சொல்லி அந்த ஆளை நாறடிக்கலாம்தான். ஆனால், எல்லார் பால்கனியிலும் ஒன்று இருக்கிறதே என்று தெருக்குப்பையிலிருந்து தூக்கிவந்து தான் மாட்டிய அந்தப் பெட்டி வெறும் தகரக்கூடு, அதற்குள் இரண்டு புறா முட்டையைத் தவிர வேறொன்றும் கிடையாது என்பதையும் அல்லவா சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்!