நீலச் சட்டை, வயது ஐம்பது

"அவரை விட்டுடுங்க சார்! என் வூட்டுக்காரர் திரும்பி வந்து ரெண்டு வருஷம் ஆவுது!"

சிக்னலுக்காகப் பாறை மேல் ஓடி ஏறிய செல்லி, மூச்சிரைக்கப் போனில் கத்தினாள். கீழே வாசலில் அவள் கணவன் கோவிந்தன் புளி ஓடு உடைத்துக்கொண்டிருந்தான்.

அவன் காட்டில் காணாமல் போனபோது, ஒடுகத்தூர் செல்போன் கடைக்காரர்தான் போஸ்ட் போட்டுக் கொடுத்தார். "நாலு வரிக்கு மேல எவன் படிக்கிறான்?" என்று பேர், வயது, நீலச் சட்டை, போன் நம்பரோடு நிறுத்திவிட்டார். ஒரே நாளில் மாவட்டமே தேடியது. மூன்றாம் நாள் கோவிந்தன் தானாகவே நடந்து வந்தான். போஸ்டை அழித்தார்கள். ஆனால் பகிர்ந்தவர்களின் போனில் அது தேதியில்லாமல் இன்னும் சுற்றுகிறது. வாரத்துக்கு ஒருவர் யாரையாவது பிடித்து வைத்துக்கொண்டு கூப்பிடுகிறார். செல்லிக்கு அலுத்துவிட்டது.

"ஆலங்காயத்துல அவரை பஸ் ஏத்திட்டேம்மா. டிக்கெட்டும் எடுத்தாச்சு. இப்பப் போய் இன்னா, வேணாம்ன்றீங்க?" என்றது எதிர்முனைக் குரல். "கோச்சுக்காதீங்க. இடது கையில சுண்டுவிரல் இல்லைன்னு அதுல ஒரு வார்த்தை போட்டிருந்தா, அப்பவே கண்டுபிடிச்சிருப்பாங்க."

செல்லி மெல்லப் பாறையில் உட்கார்ந்தாள்.

"யாரு செல்லி?" கீழேயிருந்து கோவிந்தன் கேட்டான்.

"எப்பவும் போலதான்."

பஸ் மலையேறி வர ஒரு மணி நேரம் ஆகும்.

கோவிந்தனின் அந்தச் சுண்டுவிரல் கல்யாணத்துக்கு முன்பே அரிவாளில் போனது. காட்டிலிருந்து நடந்து வந்தவனுக்குப் பத்து விரலும் இருந்தன. இரண்டு வருஷமாக அவள் அதைக் கேட்கவே இல்லை.