ஏழாவது இலக்கம்

"என்ட ஐடென்டிகாட்டில எவனோ கள்ளன் சிம் எடுத்திருக்கான். நீங்க என்னெண்டா எனக்கு அஞ்சு காணும் எண்டு சட்டம் கதைக்கிறீங்க!"

உசனார் காக்காட சத்தம் போன் கொம்பனிக் கடைக்கு வெளிய ஓட்டோவில இருந்தவனுக்கும் கேட்டிச்சு.

கவுண்டரில இருந்த பிள்ள யசோதினி, வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மாசமும் இல்ல. "சேர், ஒரு ஆள்ட பேரில அஞ்சு நம்பர்தான் விடுவாங்க. டெப்புக்கு இந்தப் புது சிம்ம எக்டிவேட் பண்ணணுமெண்டா பழசில ஒண்ட வெட்டணும்."

புது டெப். மகள் அம்னாக்கு வந்தாறுமூல கெம்பஸ் கிடைச்ச சந்தோசத்தில வாங்கினது. அம்னா பெட்டிய நெஞ்சோட அணைச்சிக்கிட்டு வாப்பாக்குப் பக்கத்தில நிண்டாள்.

நாலு நம்பருக்கு உசனார் ஆளச் சொன்னார். ஒண்டு தன்ட. ஒண்டு பொஞ்சாதி சபீனாட. ஒண்டு வீட்டு ரவுட்டருக்கு. ஒண்டு கட்டாருக்குப் போன மகன்ட, அது சும்மா மேசை லாச்சிக்குள்ள கிடக்கு.

அஞ்சாவது ஆர்டயெண்டுதான் தெரியல்ல.

"வீட்டுக்குத் தெரியாத நம்பராக்கும் காக்கா. மெல்லமாக் கதைங்க, மகள் நிக்கிறா." வரிசையில நிண்ட ஒருத்தன் சொன்னான்.

எல்லாரும் சிரிச்சிட்டாங்க. யசோதினியும் சிரிச்சிட்டாள்.

உசனாருக்குக் காது ரெண்டும் சூடாகிட்டு. "என்ன பிள்ள சிரிப்பு? கண்டவனுக்கெல்லாம் என்ட பேரில சிம்மக் குடுத்துப்போட்டு சிரிப்பா? எங்க உங்கட மெனேஜர்?"

மெனேஜர் வந்தார். அந்தப் பிள்ளைக்கு எல்லாருக்கும் முன்னால ஏசினார். அவள் எழும்பி நிண்டு "சொறி சேர்" எண்டாள். கண்ணுக்குள்ள தண்ணி நிண்டிச்சு.

மறுகா மெதுவாச் சொன்னாள். "நம்பரச் சொல்றன் சேர். உங்கட போனால ஒருக்கா எடுத்துப் பாருங்க."

கள்ளன்ட குரல ஊரே கேக்கட்டும் எண்டு உசனார் போனத் தூக்கிப் பிடிச்சார். அவள் சொல்லச் சொல்ல அடிச்சார்.

ஏழாவது இலக்கம் அடிக்கக்குள்ள போனே பேரக் காட்டிச்சு.

வெட்டுமெசின் மூர்த்தி.

விரல் அப்படியே நிண்டிட்டு.

சுனாமியில வினாயகமூர்த்திட வீடும் போய், ஐடென்டிகாட்டும் போய், தங்கச்சியத் தேடி அவன் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்ச நேரம், தன்ட காட்ட நீட்டி அந்த சிம்ம எடுத்துக் குடுத்தது உசனார்தான். பேர மாத்துவம், மாத்துவம் எண்டு இருவது வருசம் போச்சு.

இப்ப அந்த நம்பர் மூர்த்திட நெல்லு வெட்டுற மெசின்ட ரெண்டு பக்கமும் சிவப்புப் பெயின்டால எழுதியிருக்கு. படுவான்கரையில வெள்ளாமை விளைஞ்சா ஆக்கள் கூப்பிடுறது அதுக்குத்தான். ஒவ்வொரு வருசமும் நோன்பு முதல் நாள் பின்னேரம் அதில இருந்துதான் ஒரு கோல் வரும்.

"காக்கா, பசிக்குதா? நான் இப்பதான் பிளேன்டி குடிச்சன்."

உசனார் ஏசுவார். ஏசி முடியக்குள்ள சிரிப்பு வந்திரும்.

"எடுக்கிறாங்களா சேர்?" எண்டு மெனேஜர் கேட்டார்.

ஒரு சொல்லு போதும். என்ட ஆள்தான், நான்தான் மறந்திட்டன், லாச்சிக்குள்ள கிடக்கிற மகன்ட சிம்ம வெட்டுங்க எண்டிருக்கலாம்.

அந்தப் பிள்ள இன்னும் எழும்பித்தான் நிண்டாள். வரிசை முழுக்க இவரத்தான் பாத்திச்சு.

"எடுக்கிறானில்ல," எண்டார் உசனார். போன சேட்டுப் பொக்கட்டுக்குள்ள போட்டார். "வெட்டுங்க."

கையெழுத்து வெச்சார். பத்து நிமிசத்தில டெப்பில சிக்னல் நாலு கோடும் ஏறி நிண்டிச்சு.

வீட்ட வந்ததும் அம்னா டெப் பெட்டிய மேசையில வெச்சிட்டு உள்ள போயிட்டாள். கடையில அவள் நிண்டது வாப்பாட தோளுக்குப் பக்கத்தில, போன் நல்லாத் தெரியிற இடத்தில. அந்தப் பெட்டிய அவள் திரும்பத் திறக்கல்ல.

அடுத்த நாள் உசனார் தனியப் போனார். இவரக் கண்டதும் யசோதினி எழும்பி நிண்டாள்.

"இரி மகள், இரி," எண்டார். அவள் இருக்கல்ல.

வெட்டின நம்பர் திரும்ப வராதாம்.

மூர்த்தியும் போய்க் கேட்டிருப்பான். நம்பர் ஆர்ட பேரில இருந்திச்சோ அந்த ஆள்தான் வந்து வெட்டினது எண்டு சொல்லியிருப்பாங்க. ஆர்ட பேரெண்டு மூர்த்திக்குத் தெரியாதா?

அவன் சண்டைக்கு வருவான் எண்டு உசனார் பாத்துக்கொண்டே இருந்தார். வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். அவன் வரல்ல.

மூர்த்தி இருக்கிற களுவாஞ்சிக்குடிக்கு பஸ்ஸில அரை மணித்தியாலம் வராது. ரெண்டு தரம் ஏறி, ரெண்டு தரமும் வழியில ஆரையம்பதியில இறங்கித் திரும்பி வந்திட்டார்.

நோன்பு முதல் நாள் பின்னேரம் போன முன்னால வெச்சிக்கிட்டு இருந்தார். நோன்பு திறக்க பாங்கும் சொல்லியாச்சு. கையில எடுத்த பேரீச்சம்பழம் கையிலயே இருந்திச்சு. சபீனாதான் "கோல் ஒண்டும் வரல்லயா?" எண்டு கேட்டா.

படுவான்கரையில வெள்ளாமை வெட்டுற ஆக்கள் ஆரும் இத வாசிச்சா ஒரு உதவி செய்ங்க. மூர்த்திட மெசின் உங்கட வயல் வட்டைக்குள்ள இறங்கினா, பழைய நம்பர அழிச்சிட்டு அதில புதுசா என்ன நம்பர் எழுதியிருக்கெண்டு பாத்துக் கீழ கொமென்டில எழுதுங்க.

ஆர் கேட்டதெண்டு அவன் கேட்டா பேர் சொல்லத் தேவல்ல. காக்காக்குப் பசிக்குதாம் எண்டு மட்டும் சொல்லுங்க.