வெறுங்கால்

புது விளையாட்டு மாஸ்டர் வந்த வாரமே கல்லூரிக் கால்பந்து அணிக்குப் பதினொரு ஜோடி பூட்ஸ் வந்து இறங்கியது. அதுவரை வெறுங்காலில் ஆடிய பையன்கள். தூங்கும்போது தவிர யாரும் கழற்றக் கூடாது என்பது மாஸ்டரின் உத்தரவு. அந்த வருஷம் ஆறு ஆட்டம், ஆறும் தோல்வி, ஒரு கோல்கூட அடிக்கவில்லை. மிச்சமிருந்த ஏழாவது ஆட்டத்திலும் ஜெயிக்காவிட்டால் அணியைக் கலைத்துவிடுவதாகப் பிரின்சிபால் சொல்லியிருந்தார்.

அந்த ஆட்டம் கோலே விழாமல் முடியப்போகிற நேரத்தில் இவர்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. காப்டன் ஞானப்பிரகாசம் பந்தை வைத்துவிட்டு மாஸ்டரைப் பார்த்தான். கோட்டுக்கு வெளியே நின்றிருந்தவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பூட்ஸைக் கழட்டிட்டு அடிப்பா," என்றார்.

ஞானம் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தான். ஊறி வெளுத்த இரண்டு பாதங்கள் வெளியே வந்தன, யாருடையவையோ போலிருந்தன. எழுந்து நின்றான். ஓடி வந்து அடிப்பதற்காகப் பின்னால் நாலு எட்டு வைத்தவன், நாலாவது எட்டில் நொண்டினான்.

பக்கத்தில் நின்ற சூசை, "என்னலே, முள்ளு குத்திட்டா?" என்றான்.

ஞானம் குனிந்து உள்ளங்காலைத் தடவிப் பார்த்தான்.

"முள்ளு இல்லலே. தரைதான்."