நாற்பது பொய்ப் பெயர்கள்

அது எண்பத்தாறா, எண்பத்தேழா என்பது எனக்கு நிச்சயமில்லை. கொழும்பில் கம்பியூட்டர் வேலை பார்த்த காலிதீன் லீவில் கல்முனைக்கு வந்திருந்தான். ஒருநாள் படையினர் ஊரைச் சுற்றிவளைத்து, ஆண்களை எல்லாம் மைதானத்தில் குந்தவைத்தார்கள். காலிதீனின் பையில் ஒரு தாள் அகப்பட்டது. நாற்பது பெயர்கள், பக்கத்தில் ஊர்கள்.

“ஆருடா இவங்க?” என்றான் துப்பாக்கியோடு நின்றவன்.

“ஒருத்தருமில்ல சேர். புரோகிராமைச் சோதிக்க மெஷின் உண்டாக்கின பொய்ப் பேர்.”

“எல்லாம் இந்தப் பக்கத்துப் பேராக் கிடக்கே?”

“தெரிஞ்ச பேரையும் ஊரையும் நான் குடுத்தன், அது கலந்து அடிச்சிச்சு. நிசம்போல இருந்தாத்தானே சேர் சோதிக்கலாம்.”

“பொய்யெண்டா ஒருத்தனும் எழும்பமாட்டான். வாசி.”

காலிதீன் நம்பிக்கையோடு வாசித்தான்.

“மீராமுகைதீன், சாய்ந்தமருது.”

“ஓம், நான்தான்” என்று ஒருவர் எழுந்தார்.

காலிதீன் தாளை மடிக்கப் போனான்.

“நிப்பாட்டாத. வாசி.”

மேலும் இருவர் எழுந்தார்கள். ஏற்றிக்கொண்டு போன மூவரும் திரும்பி வரவில்லை. காலிதீன் அதன்பிறகு கம்பியூட்டரைத் தொடவில்லை. அன்று அவன் வாசித்தது முப்பத்தொன்பது பெயர்கள். வாசிக்காமல் விட்டது, கூட்டத்தில் குந்தியிருந்த தன் தம்பி ஆதம்பாவாவின் பெயரை. தம்பி கல்முனைச் சந்தையில் மீன் விற்கிறான். அவனுக்கு இது தெரியாது.