படுகளத்தில் ஒரு ஜாடை

"இது யாரு மூஞ்சிடா? சொல்லு, யாரு மூஞ்சி?"

கடலை மண்டி ராஜகோபால் போட்ட சத்தத்தில் பம்பைக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். விநாயகம் மட்டும் நிறுத்தவில்லை. மண்ணில் மல்லாந்து கிடந்த துரியோதனனின் மீசைக்குக் கரி பூசிக்கொண்டிருந்தான்.

செஞ்சி திரௌபதி அம்மன் திருவிழாவில் அன்று படுகளம். கோயிலுக்கு எதிரே முப்பதடி நீளத்துக்கு மண்ணைக் குழைத்துத் துரியோதனனைப் படுக்க வைப்பார்கள். உச்சி வேளையில் கூத்து வீமன் வந்து அவன் தொடையைப் பிளப்பான். அது முடிந்ததும் ஊர்ப் பெண்கள் துடைப்பமும் முறமுமாக வந்து மண் முகத்தில் நாலு சாத்து சாத்திவிட்டுப் போவார்கள். வழக்கமாகச் செய்பவர் அந்த வருஷம், அறுபத்து மூன்றில், காய்ச்சலில் விழுந்துவிட்டதால் அவலூர்பேட்டைப் பக்கத்திலிருந்து விநாயகத்தைக் கூப்பிட்டிருந்தார்கள். இருபத்தேழு வயது. அதிகம் பேசமாட்டான்.

அவன் செய்த துரியோதனன் அச்சு அசல் ராஜகோபாலாக இருந்தான்.

"துரியோதனன் மூஞ்சிங்க" என்றான் விநாயகம்.

"துரியோதனனுக்கு வலது காது கிழிஞ்சிருந்துதா? இடது புருவம் பாதியில நின்னுபோச்சா? மோவாயில குழி இருந்துதா? எவன்டா பாத்தான்?"

கூட்டம் மண் முகத்தைப் பார்த்தது, மண்டி முதலாளியைப் பார்த்தது. சிரிப்பை அடக்கத் தெரிந்தவர்கள் அடக்கிக்கொண்டார்கள்.

தர்மகர்த்தா கோதண்டராமன் சமாதானத்துக்கு வந்தார். "இன்னா முதலாளி இது, நல்ல நாளும் அதுவுமா? ஒரே ஜாடையில உலகத்துல ஏழு பேரு இருப்பாங்கன்றாங்க. வுடுங்க."

"அந்த மிச்சம் ஆறு பேரையும் இட்டுனு வா, வுட்டுடறேன்! இன்னும் ஒரு மணி நேரத்துல ஊரே என் மூஞ்சிய தொடப்பத்தால அடிக்கப் போவுது. நான் நின்னு வேடிக்கை பாக்கணுமா?"

அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. திருவிழாவில் முதல் மரியாதை அவருக்குத்தான். போதாததற்கு, மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்த அனந்தபுரத்துக்காரர்களைத் தம் செல்வாக்கைப் பார்க்கட்டும் என்று அவரே அழைத்து வந்து பந்தலில் உட்கார வைத்திருந்தார். அவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

"தம்பி, மூக்கையும் காதையும் கொஞ்சம் மாத்திடேன்" என்றார் கோதண்டராமன்.

"மாத்திடலாங்க" என்ற விநாயகம் முதல்முறையாக நிமிர்ந்தான். "ஆனா முதலாளி, நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இது உங்க மூஞ்சிதானா?"

"பின்ன உங்க ஊரு மணியக்காரன் மூஞ்சியா?"

"அதுக்கில்லீங்க. நான் செஞ்சிக்கே இப்பத்தான் வர்றேன். உங்கள இதுக்கு முன்ன பாத்தது கிடையாது. பன்னெண்டு வருஷமா இந்த வேலை. எந்த ஊர்ல செஞ்சாலும் இதே மூஞ்சிதான். முப்பது ஊரு ஆயிடுச்சி. யாரும் ஒண்ணும் கேட்டதில்ல."

"பொய்யி! எவனோ என்மேல வயித்தெரிச்சல் புடிச்சவன் உனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கான்."

விநாயகம் தலையாட்டினான். "சொல்லிக் கொடுத்தது வாஸ்தவந்தாங்க."

"பாத்தீங்களா! யாருடா அவன்?"

"சொல்றேங்க. மொதல்ல இது நீங்கதான்னு நிச்சயம் ஆவட்டும். மூஞ்சி ஒத்துப்போறது சகஜந்தானே?"

ராஜகோபாலுக்கு ரத்தம் தலைக்கேறியது. இளவயதில் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலையை வாங்கிச் சேர்த்தவர். இப்போது ஊர்களே அவர் மண்டியைத் தேடி வந்தன. அப்பேர்ப்பட்டவரை இவன் சாட்சி கேட்கிறான்.

விறுவிறுவென்று மண் உருவத்தின் இடுப்புப் பக்கம் போனார். "எல்லாரும் இங்க வந்து பாருங்கய்யா! மூஞ்சி மட்டும்னா போவுதுன்னு வுடலாம். இது இன்னா?"

துரியோதனனின் இடது தொடையில், இடுப்பை ஒட்டி, பிறைபோல ஒரு தழும்பு. விநாயகம் அதற்குக் காவி வேறு பூசியிருந்தான்.

ராஜகோபால் வேட்டியை ஒரு பக்கமாக வழித்துத் தூக்கினார். அதே இடம், அதே பிறை.

"பத்து வயசுல வெந்நி அண்டா சாஞ்சது. நான் ஏரியில குளிக்கிறவன் இல்ல, ஊட்டுக் கெணத்துல குளிக்கிறவன். என் பொண்டாட்டியத் தவிர இந்தத் தழும்ப ஒரு ஈ காக்கா பாத்ததில்ல. இதுவும் ஜாடையா?"

கோதண்டராமன் குனிந்து மண்ணையும் பார்த்து, ஆளையும் பார்த்து, "நெசந்தான்பா" என்றார். பந்தலில் இருந்த அனந்தபுரத்துக்காரர்கள் கூட எழுந்து வந்து பார்த்துத் தலையாட்டினார்கள். இத்தனை பேர் முன்னால் வழக்கை ஜெயித்த திருப்தி ராஜகோபால் முகத்தில் தெரிந்தது.

"இப்பச் சொல்லு. இது நான்தான்!"

"நீங்கதாங்க" என்றான் விநாயகம். கரித்துண்டைக் கீழே வைத்துவிட்டுத் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டான்.

"சொல்லிக் கொடுத்தது யாருடா?"

"எங்கம்மாங்க. மல்லாட்டை வாங்க வந்து, எங்கூர்ல ஒரு போகம் தங்கிட்டுப் போனவரு சொன்ன பேரும் பொய்யி, ஊரும் பொய்யி. 'தேடினா கிடைக்க மாட்டாரு. ஆனா மூஞ்சியும் தழும்பும் எனக்கு மறக்கல. போற ஊர்ல எல்லாம் அதையே செய்யி. என்னைக்காவது ஒருத்தரு வந்து, இது நான்தான்னு சண்டை போடுவாரு. அவர்தான்டா உன் நைனா'ன்னு சொல்லி அனுப்புனாங்க."

சொல்லிவிட்டு விநாயகம் அவர் காலில் விழுந்தான். தூக்கிப் பிடித்த வேட்டியை இறக்கக்கூட ராஜகோபாலுக்குத் தோன்றவில்லை.