சோப்பு சாரின் சட்டங்கள்

"இனிமே முகம் கழுவாம யாரும் மைக் பக்கத்துல வரக்கூடாது!"

ஒலிப்பதிவுக்கூடத்தின் கதவில் ஒட்டியிருந்த தாளைப் படித்துவிட்டு, வில்லனுக்குக் குரல் கொடுப்பவர் சிரித்தார். சும்மா சிரித்தாலே பக்கத்து வீட்டுக் குழந்தை அழும், அப்படி ஒரு குரல்.

"சோப்பு சார் அடுத்த சட்டம் போட்டுட்டாரு, குரலக்கா!"

குரலக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொலைக்காட்சித் தொடரில் அம்மாவுக்குக் குரல் கொடுப்பவள் அவள். திரையில் அழுவது யாரோ, பார்ப்பவர்களை அழ வைப்பது இவள். இருபது வருஷ அனுபவம். அவளைப் போய்ப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முகம் கழுவிவிட்டு வா என்றால்?

சவுண்டு இன்ஜினியருக்குத்தான் சோப்பு சார் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒன்றா இரண்டா அவர் சட்டம்! செருப்பும் தோள்பையும் வெளியே. காலையில் ஜன்னலைத் திறக்கக்கூடாது. விளக்குமாறு உள்ளே வரவே கூடாது, ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். தரைவிரிப்பு சுருண்டு மாடிக்குப் போய்விட்டது. அம்மா வரும் காட்சிகளெல்லாம் மதியத்துக்கு மேல்தான்.

"நாலு வருஷமா ஒழுங்காத்தான் இருந்தாரு. திடீர்னு என்ன ஆச்சோ!" என்றார் வில்லன்.

இன்ஜினியர் அப்போதுதான் உள்ளே வந்தார்.

"வெளியில மரமெல்லாம் பூத்துக் கிடக்கு சார். அந்தப் பூந்தூள் நம்ம துணியிலயும் முடியிலயும் ஒட்டிக்கிட்டு உள்ள வருது. அது பாவம், சாதுவான விருந்தாளி. ஆனா சில பேர் உடம்புக்குள்ள இருக்கிற காவல்காரன் முன்கோபி. வந்தவன் திருடன்னு நெனச்சு ஊரையே கூட்டிடுவான். தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு எல்லாம் அவன் பண்ற கலாட்டாதான். அதான் விருந்தாளியை வாசல்லயே கழுவி விட்டுடலாம்னு."

"இங்க யாருக்கு சார் தும்மல்?"

இன்ஜினியர் ஹெட்போனைத் துடைக்க ஆரம்பித்தார். "பொதுவாச் சொன்னேன்."

மூக்கருகே போன கையைக் குரலக்கா சட்டென்று கீழே இறக்கினாள்.

போன வருஷம் இதே பூக்கும் காலம், வேறொரு கூடம். மகனின் உடல்மேல் விழுந்து அம்மா கதற வேண்டிய இடத்தில் குரலக்கா பதினோரு தும்மல் போட்டாள். "ஒரு வாரம் ஓய்வெடுங்கம்மா" என்று அன்பாகத்தான் அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது அவள் இடத்தில் வேறொருத்தி கதறிக்கொண்டிருந்தாள். மாத்திரை போட்டால் தும்மல் நிற்கும்தான், ஆனால் அவளுக்குத் தொண்டை வறண்டு குரலும் கூடவே தூங்கிப்போகும்.

அதனால் இங்கே சேர்ந்த இந்த ஒன்றரை மாசமாக யாருக்கும் தெரியாமல் வைத்தியம் நடக்கிறது. கழிவறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, கொதிக்க வைத்து ஆறவைத்த உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவிக்கொண்டுதான் வருவாள். மைக் முன்னால் இதுவரை ஒரு தும்மல் இல்லை. எப்போதாவது லேசாக மூக்கை உறிஞ்சுவதோடு சரி. எல்லாம் உப்புத் தண்ணீரின் மகிமை என்று தனக்குத் தானே முதுகில் தட்டிக்கொண்டிருந்தாள்.

இப்போது இந்த ஆள் தும்மல் பேச்சை எடுக்கிறான்! அந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டால் எதிரே இருப்பவர் எச்சில் விழுங்குவதுகூட அவனுக்குக் கேட்கும். மோப்பம் பிடித்துவிட்டான். இன்னும் நாலு நாளில் முதலாளியம்மாவிடம் போட்டுக்கொடுப்பான். இந்த வேலையும் போனால் அடுத்த வாசல் எது?

அவன் முந்துவதற்குள் நாம் முந்திவிட வேண்டும்!

அன்றைக்கே ஒரு கடிதம் தயாரானது. 'கலைஞர்களை அவமதிக்கும் இன்ஜினியரை உடனே மாற்ற வேண்டும்.' முதல் கையெழுத்து குரலக்கா. வில்லன் உட்பட ஆறு பேர் கீழே போட்டார்கள்.

முதலாளியம்மா கடிதத்தைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன குரலக்கா இது! எல்லாம் என்கிட்ட கேட்டுக்கிட்டுத்தான் செய்யறாரு. அவருக்குப் பூந்தூள் ஆகாதாம்."

"யாருக்கு?"

"இன்ஜினியருக்குத்தான். 'எனக்குத் தும்மல் ஆரம்பிச்சா நிக்காதும்மா. பூ உதிர்ற வரைக்கும் நான் சொல்றபடி கூடத்தை வச்சுக்க அனுமதி குடுங்க'ன்னு கெஞ்சினாரு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்து தும்மறவரால நமக்கு என்ன நஷ்டம்? சரின்னுட்டேன். இதே மைக் முன்னால நிக்கிறவங்களா இருந்தா யோசிக்கவே மாட்டேன், அன்னைக்கே ஆளை மாத்தியிருப்பேன்."

குரலக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "இதை... வேலையில சேரும்போதே சொன்னாரா?"

"எங்க சொன்னாரு! நாலு வருஷம் எப்படித்தான் அடக்கிக்கிட்டு இருந்தாரோ, பாவம். நீங்க முதல் நாள் பேசிட்டுப் போனீங்களே, அதுக்கு மறுநாள் காலையிலதான் வந்து சொன்னாரு." முதலாளியம்மா பேனாவை எடுத்தார். "இப்ப சொல்லுங்க, நாலு தும்மலுக்காக அவரை அனுப்பிடணுமா?"

குரலக்கா கடிதத்தை மெல்ல அவர் கையிலிருந்து உருவிக்கொண்டாள். நாலாக மடித்து உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

இந்த ஒன்றரை மாசத்தில் அந்த மனிதர் ஒரு தடவைகூடத் தும்மி அவள் பார்த்ததில்லை.